சிக்னல் கிடைக்காத ஊரில் ஒரு முகவரி

1

இந்தக் கதை நானாக யோசித்ததல்ல. குப்பைப் பையோடு மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தபோது, கீழ் வீட்டு வீப்கே வழிமறித்துத் தலையில் கட்டியது. நான் கதை எழுதுகிறவன் என்பது அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. பெர்லினில் ஒரே கட்டடத்தில் இத்தனை வருடம் இருந்தால் மறைக்க வேண்டியதெல்லாம் தெரிந்துவிடும்.

"நீ எந்த மொழியில எழுதறே?" என்று கேட்டாள்.

"தமிழ்ல."

"அதை போன் கம்பெனியில யாராவது படிப்பாங்களா?"

"தமிழ்நாட்டுலயே யாரும் படிக்கிறதில்ல."

"முகவரி பதியற ஆபீஸ்ல?"

"வாய்ப்பே இல்ல."

"ஹென்னிங்?"

"அவனுக்கு ஜெர்மனே தகராறுன்னு நீதானே சொன்னே."

"அப்ப எழுது," என்றாள். "யார்கிட்டயாவது சொல்லலைன்னா எனக்கு வெடிச்சிடும். ஆனா யாருக்கும் தெரியக் கூடாது. உன் மொழி அதுக்கு ரொம்ப வசதியா இருக்கு."

தமிழுக்கு இப்படி ஒரு பாராட்டு இதுவரை யாரும் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

(முன்னெச்சரிக்கை: பெர்லினைச் சுற்றியுள்ள பிராண்டன்பர்க் பக்கம் முகவரி பதியும் அலுவலகத்தில் வேலை பார்க்கும் தமிழர் எவராவது இதைப் படிக்க நேர்ந்தால், ஐயா அல்லது அம்மா, பெயர்கள் எல்லாம் மாற்றப்பட்டவை. லுட்கோ என்று ஒரு ஊரே கிடையாது. தேட வேண்டாம்.)

2

தொடக்கங்கள்.

"மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. கையில் ரசீதோடு வீப்கே ஜன்னலருகே" — வேண்டாம். மழையில் தொடங்கினால் எனக்கே கொட்டாவி வருகிறது.

"ஒப்பந்தம் என்பது என்ன? நாளைய மனத்தை மனிதன் இன்றைக்கே அடகு" — ஐயோ. இதை எழுதியது நான்தானா என்று பேனாவையே சந்தேகமாகப் பார்த்தேன்.

"எட்டு வருடம் கூட வாழ்ந்த ஹென்னிங் ஒரு புதன்கிழமை காலை வீப்கேயை விட்டுப் போனான். ஆனால் அவளுடைய போன் ஒப்பந்தத்தை விட்டுப் போகவில்லை."

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்ளலாம்.

விஷயம் இதுதான். இருவரும் சேர்ந்திருந்தபோது ஜோடித் திட்டம் என்று ஒன்றை வாங்கியிருந்தார்கள். ஒரே ஒப்பந்தம், வீப்கேயின் பெயரில். இரண்டு சிம். ஒன்று அவளுக்கு, இன்னொன்று ஹென்னிங்குக்கு. அவன் போன பிறகும் மாதா மாதம் கம்பெனியிலிருந்து ரசீது வரும்: "அன்புள்ள வீப்கே அவர்களே, உங்களுக்கும் உங்கள் துணைவருக்கும் எங்கள் நன்றி." சிம்முக்கான காசை ஹென்னிங் ஒழுங்காக அனுப்பிக்கொண்டுதான் இருந்தான். பிரச்சினை அந்தத் துணைவர் என்ற வார்த்தையில் இருந்தது. மாதம் ஒருமுறை தபால் பெட்டியைத் திறந்து அதைப் படிக்க வேண்டும்.

ரத்து செய்ய வேண்டியதுதானே என்பீர்கள். இந்த நாட்டில் எதை முடிப்பதென்றாலும் மூன்று மாதம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். உடற்பயிற்சிக் கூடமானாலும் செய்தித்தாளானாலும் பாட்டுச் சங்கமானாலும் இதுதான் விதி. சொல்லாவிட்டால் ஒப்பந்தம் தன்னைத்தானே இன்னொரு வருடத்துக்கு நீட்டித்துக்கொள்ளும். வீப்கே சொல்ல வேண்டிய வாரமும் ஹென்னிங் கிளம்பிய வாரமும் ஒன்றாகப் போய்விட்டன. அந்த வாரம் அவள் சாப்பிடவே மறந்திருந்தாள். இனி இடையில் வெளியே வர வேண்டுமானால் மீதி மாதங்களின் சந்தா முழுவதையும் அபராதமாகக் கட்ட வேண்டும்.

கட்ட அவளிடம் காசில்லாமல் இல்லை. மூக்குக் கண்ணாடிக் கடையில் நல்ல வேலை.

"அவன் நோட்டீஸும் குடுக்கல, அபராதமும் கட்டல, சும்மா எழுந்து போனான்," என்றாள். "நான் மட்டும் அபராதம் கட்டி வெளிய வரணுமா? செத்தாலும் கட்ட மாட்டேன்."

பிறகு கொஞ்சம் யோசித்து, "செத்தா கட்ட வேண்டாம்தான். பதினோராம் பக்கத்துல போட்டிருக்கான். ஆனா சான்றிதழ் கேக்கறான்," என்றாள்.

3

பதினோராம் பக்கத்திலேயே இன்னொரு வழியும் இருந்தது. வாடிக்கையாளர் குடிபோகும் இடத்தில் கம்பெனியின் சேவை கிடைக்காவிட்டால் அபராதமில்லாமல் விடுவிக்க வேண்டும். அதற்குப் புது முகவரியை அரசு அலுவலகத்தில் பதிந்த தாள் வேண்டும். முகவரி பதிய வேண்டுமென்றால், "இவர் என் வீட்டில்தான் குடியிருக்கிறார்" என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும்.

வீப்கேயின் கடைக்குக் கிஸ்பெர்ட் என்று ஒரு விவசாயி வருவார். டிராக்டர் ஓட்டுகிறவர், மூன்று மாதத்துக்கு ஒரு கண்ணாடியை உடைக்கிறவர். ஊர் லுட்கோ. பெர்லினிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரம். "உலகமே அழிஞ்சாலும் எங்க ஊருக்கு யாரும் போன் பண்ணிச் சொல்ல முடியாது" என்று அவர் எப்போதோ பெருமையடித்தது அவளுக்கு நினைவுக்கு வந்தது. அடுத்த முறை அவர் வந்தபோது கேட்டேவிட்டாள். ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

"பொய்க் கையெழுத்தெல்லாம் போட மாட்டேன்," என்றார் கிஸ்பெர்ட்.

"பொய் இல்ல. ஒரு உதவி."

"அறை இருக்கு. கட்டில் இருக்கு. நீ வந்து நெசமாவே குடியிருந்தா போடறேன்."

"எத்தனை நாள்?"

"குடியிருக்கறதுன்னா எத்தனை நாள்னு யாரும்மா கேப்பாங்க? குடியிருக்கறதுதான்."

4

இந்த இடத்தில் எனக்குக் கிஸ்பெர்ட் மேல் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு நேர்மையான ஆள் கதையில் வந்தால் வாசகருக்குக் கை அரிக்கும். ஆகவே அவருக்கு ஒரு கெட்ட குணம் தர முயன்றேன். "கிஸ்பெர்ட்டின் கண் வீப்கேயின்" — அடித்துவிட்டேன். அவருக்கு வயது எழுபதுக்கு மேல், மனைவி திடகாத்திரமாக இருக்கிறார்.

வீப்கேயிடமே போய்க் கேட்டேன். "அவருக்கு இதுல என்ன லாபம்?"

"தீயணைப்புப் படை," என்றாள்.

லுட்கோவில் ஊர்க்காரர்களே நடத்தும் தீயணைப்புப் படை இருக்கிறது. கிஸ்பெர்ட்தான் அதற்குத் தலைவர். வட்டாரப் போட்டிக்குப் போக ஒன்பது பேர் வேண்டும். எட்டுப் பேர்தான் இருந்தார்கள். ஒன்பதாமவர் மகளோடு இருக்க மியூனிக் போய்விட்டார்.

அப்பாடா. ஆள் சுயநலக்காரர்தான். இனி நிம்மதியாக நம்பலாம்.

4, மறுபடியும்

ஏமாற்றுவதைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை. அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம், ஆனால் கதையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

என் சித்தப்பா ஒரே வீட்டு முகவரியில் மூன்று ரேஷன் கார்டு வைத்திருந்தார். மூன்றிலும் அவரே குடும்பத் தலைவர். ஒருநாளும் அவர் நெஞ்சு உறுத்தியதில்லை. அது ஒரு கலை. இந்த ஊர்க்காரர்களுக்கு அந்தக் கலை கைவராது. இவர்கள் ஏமாற்ற ஆரம்பித்தால் அதையும் ஒழுங்காகத்தான் செய்வார்கள். ஒழுங்காகச் செய்து செய்து கடைசியில் அது உண்மையாகவே ஆகிவிடும்.

வீப்கே முதலில் ஒரு பல்துலக்கியை மட்டும் கொண்டுபோய் வைத்தாள். பிறகு, தபால்காரர் குழம்பக் கூடாதே என்று பெட்டியில் பெயர்ப்பலகை மாட்டினாள். பெயர் இருந்தால் குப்பைத்தொட்டி முறைப் பட்டியலிலும் பெயர் வரும். வந்தது. தொட்டியை வெளியே வைக்கிற நாளில் அங்கே இருந்தாக வேண்டும். பனி பெய்தால் தன் பங்குத் தெருவில் அதைத் தள்ளியாக வேண்டும். யாராவது வழுக்கி விழுந்தால் வழக்கு அவள் மேல். சனிக்கிழமை தீயணைப்புப் பயிற்சி, முடிந்ததும் காபிக்கு ஆள் மாற்றி ஆள் கேக் சுட வேண்டும். அவள் முறை வந்தது, சுட்டாள். யாரும் இரண்டாவது துண்டு கேட்கவில்லை. காலையில் ரயிலில் பெர்லின் வந்து கண்ணாடி விற்றுவிட்டு மாலை ரயிலில் லுட்கோ போனாள். கீழ் வீட்டில் வாரக்கணக்கில் விளக்கே எரியவில்லை.

"அப்ப நீ நெசமாவே குடிபோயிட்டே," என்றேன்.

"சும்மா இரு. இது ஏமாத்து வேலை," என்றாள் கோபமாக. "தெரிஞ்சா தண்டனை உண்டு."

(தீயணைப்புப் படையில் சேரும்போது அவள் கையெழுத்திட்ட தாளில், விலக விரும்பினால் ஆண்டு முடிவுக்கு மூன்று மாதம் முன்பு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று இருந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். இதை நான் சுட்டிக்காட்டியபோது அவள் வேறு பக்கம் பார்த்தாள்.)

5

கம்பெனி சும்மா விடவில்லை. "எங்கள் வரைபடத்தின்படி லுட்கோவில் சேவை சிறப்பாக உள்ளது" என்று பதில் போட்டது.

இதே பதிலைத்தான் லுட்கோ ஊராரும் வருடக்கணக்காக வாங்கிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு ஒரு கோபுரம் கட்டிக் கொடுங்கள் என்று எழுதுவார்கள். வரைபடத்தில் பச்சை நிறம் இருக்கிறதே, பிறகு எதற்குக் கோபுரம் என்று பதில் வரும். ஆகவே வீப்கேயின் வழக்கை ஊரே தன் வழக்காக எடுத்துக்கொண்டது. எல்லாரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, நேரில் வந்து அளந்து பாருங்கள் என்று எழுதினார்கள். கம்பெனியும் அளப்பவர் ஒருவரை அனுப்புவதாகச் சொன்னது.

ஒரே ஒரு சங்கடம். லுட்கோவில் சிக்னல் அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. குளத்தங்கரையில் ஒரு பெஞ்சு உண்டு. அதன் மேல் ஏறி நின்று கையைத் தூக்கினால் ஒரு கோடு வரும். ஊரில் அதற்குப் பெயர் ஆபீஸ். அவசரமாகப் பேச வேண்டியவர்கள் ஆபீசில் ஏறி நின்று கத்துவார்கள். யாருக்கு மூலம், யாருக்கு வங்கிக் கடன் என்பதெல்லாம் ஊருக்குத் தெரிந்தது அப்படித்தான்.

அளப்பவர் வரும் நாளன்று காலை கிஸ்பெர்ட் டிராக்டரில் வந்து ஒரு வண்டிச் சாணியை அந்தப் பெஞ்சின் மேல் கொட்டினார். பெஞ்சு முழுதாக மறைந்தது.

(நான் எழுதிய முதல் பிரதியில் இங்கே ஒரு பெரிய நாடகம் வைத்திருந்தேன். ஊரார் பொய் சொல்லுகிறார்கள், அளப்பவர் துருவுகிறார், வீப்கேக்கு வியர்க்கிறது. மூன்று பக்கம். நடந்தது அதைவிடக் கேவலமாகவும் அதைவிட நன்றாகவும் இருந்ததால் மூன்று பக்கமும் குப்பைக்குப் போயின.)

வந்தவர் ஒல்லியான மனிதர், வெள்ளைக் காலணி போட்டிருந்தார். கையில் ஒரு கருவி. தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தார். தேவாலயத்தைச் சுற்றி வந்தார். ஒரு கோடும் வரவில்லை. கடைசியில் கிஸ்பெர்ட்டிடம் வந்து, "ஊர்ல வேற எங்கயாவது கிடைக்குமா?" என்று நேராகவே கேட்டார்.

கிஸ்பெர்ட் பொய் சொல்ல மாட்டார் என்பது ஊருக்கே தெரியும். படையில் மற்ற எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ஒன்பதாவது ஆளான வீப்கேயும் தரையைத்தான் பார்த்தாள்.

"கிடைக்குமே," என்றார் கிஸ்பெர்ட். "அதோ, அந்தச் சாணி மேல ஏறி நின்னு கையைத் தூக்கணும்."

அளப்பவர் சாணியைப் பார்த்தார். தன் காலணியைப் பார்த்தார். சாணியை மறுபடியும் ஒருமுறை பார்த்தார்.

"சேவை இல்லைன்னே எழுதிடறேன்," என்றார்.

கம்பெனி வீப்கேயை விடுவித்தது. அபராதம் இல்லை. மாதக் கடைசியோடு ஒப்பந்தம் முடிகிறது.

6

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். நானும் முடித்துவிட்டு டீ போடப் போனேன். திரும்பி வந்து படித்தால் ஏதோ இடித்தது. வீப்கே ஜெயித்தது கம்பெனியை. அவள் கோபமோ ஹென்னிங் மேல். அவன் இன்னும் சும்மா போனவனாகவேதான் இருக்கிறான்.

சரி, ஹென்னிங்கையும் கொண்டுவருவோம் என்று அவனுக்கு ஒரு தாயைக் கற்பித்தேன். "மறதி நோயில் படுத்திருக்கும் ஹென்னிங்கின் அம்மாவுக்கு உலகத்தில் நினைவிருப்பது மகனுடைய போன் நம்பர் ஒன்றுதான். அந்த நம்பரும் மாதக் கடைசியில்" — எழுதும்போதே எனக்குக் கண் கலங்கியது. வீப்கேயிடம் வாசித்து மொழிபெயர்த்துக் காட்டினேன்.

"அவன் அம்மா ஸ்பெயின்ல இருக்கா," என்றாள். "நாலாவது கல்யாணம் பண்ணிக்கப் போறா. அவளுக்கு இவன் நம்பர் என்ன, இவன் பிறந்த நாளே நினைவில்ல."

"அப்ப அவனுக்கு அந்த நம்பர் போனா கவலையே இல்லையா?"

அவள் சிரித்தாள். "ரத்துக் கடிதம் அவனுக்கும் போயிருக்கு, என் புது முகவரியோட. சனிக்கிழமை ஊருக்கு வா. அவன் நேர்ல வரப் போறான்னு நினைக்கிறேன். முடிவு வேணும்னா வந்து பார்த்து எழுது."

7

ஆகவே இனி வருவது நான் பார்த்தது.

தீயணைப்புப் பயிற்சி முடிந்திருந்தது. கிஸ்பெர்ட் வீட்டு முற்றத்தில் நீள மேசை போட்டுக் காபி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குக் கேக் வீப்கேயின் முறை. அப்போது ஒரு வேன் உள்ளே வந்து நின்றது. ஹென்னிங் சாக்கடைக் குழாய் அடைப்பு எடுக்கிறவன். வேனில் இரண்டு பக்கமும் பின்னாலும் ஆள் உயர எழுத்தில் "அடைப்பா? ஹென்னிங்!" என்று போட்டு, கீழே அவன் போன் நம்பர். அந்த நம்பர்.

கிஸ்பெர்ட் புதுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நம்பரை உரக்கப் படித்தார். "நல்லா தெரியுது," என்று வீப்கேயிடம் கண்ணாடியைப் பாராட்டினார்.

ஹென்னிங் இறங்கி வந்தான். நான் நினைத்திருந்ததைவிடக் குள்ளம். வில்லனுக்குப் பொருந்தாத முகம்.

"நாலு நாளா ராத்திரி ராத்திரி கூப்பிடறேன் வீப்கே. லைனே கிடைக்கல."

"அதுக்குத்தானே இங்க இருக்கேன்."

அவன் ஒரு தாளை நீட்டினான். "இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடு. நம்பரை என் பேருக்கு மாத்திக்கிறேன். ஒப்பந்தம் உன் பேர்ல இருக்கறதால நீதான் விட்டுக் குடுக்கணுமாம். இல்லேன்னா மாசக் கடைசியில நம்பர் போயிடும். வண்டிக்கு இப்பத்தான் பெயிண்ட் அடிச்சேன்."

வீப்கே பேனாவை வாங்கி மூடியைக் கழற்றினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"நீ கிளம்பறதுக்கு எத்தனை நாள் முன்னாடி என்கிட்ட சொன்னே?"

அவன் தாளை மேசையில் வைத்தான். "அன்னிக்குக் காலையிலதான்."

"எழுத்துல குடுத்தியா?"

"இல்ல."

"அப்ப அபராதம் உண்டு."

ஹென்னிங் பையிலிருந்து பர்சை எடுத்தான்.

"காசு வேணாம்," என்றாள்.

"பின்ன என்ன வேணும்?"

அவள் பேனாவைத் திரும்ப மூடினாள். இத்தனை மாதம் இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். கேட்டபோது கையில் பதில் இல்லை. எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

படைக்காரர் ஒருவர் உதவிக்கு வந்தார். "ஆபீஸ் மேல இருக்கற சாணியை அள்ளச் சொல்லு. நாங்க போன் பேசி வாரக்கணக்காச்சு."

"அள்ளறேன்," என்றான் ஹென்னிங் உடனே. "அது எனக்கு ஒண்ணுமே இல்ல. என் தொழிலே அதுதானே."

அது உண்மைதான் என்பதால் அந்த யோசனை அப்படியே விழுந்தது.

"போட்டுக் குடுத்து அனுப்பும்மா," என்றார் கிஸ்பெர்ட். "அபராதம் வாங்கினா இன்னும் அவனோட கணக்கு வச்சிருக்கேன்னு ஆயிடும்."

"சும்மா விட்டா எனக்குத் தூக்கம் வராதே."

"அதுவும் சரிதான்," என்று அவர் காபியைக் குடித்தார்.

எட்டு வருடம் பக்கத்தில் படுத்து எழுந்தவன் ஒரு காலையில் திடீரென்று கிளம்பியதற்கு என்ன அபராதம்? வீப்கே மேசையைச் சுற்றிப் பார்த்துக் கடைசியில் என்னிடம் வந்து நின்றாள்.

"நீதானே எழுதறே. சொல்லு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஹென்னிங்கும் பார்த்தான். "படிக்கிறவங்களைத்தான் கேக்கணும்," என்றேன்.

"அவங்க எங்க இருக்காங்க?"

"தூரத்துல. வேற வேற ஊர்ல."

"போன் போட்டுக் கேளு," என்றார் கிஸ்பெர்ட். முற்றமே சிரித்தது.

8

ஆகவே உங்களிடம் வந்து நிற்கிறேன். பேனா அவள் கையில் இருக்கிறது, தாள் மேசையில். காசு கூடாது, சாணி செல்லாது. மூன்றாவதாக ஒன்று தெரிந்தால் சொல்லுங்கள். ஒன்றும் தோன்றாவிட்டால் "போடு" என்று சொல்லுங்கள், அதையும் அவளிடம் சொல்லிவிடுகிறேன். நேரில்தான் வர வேண்டும். எந்த நம்பரில் கூப்பிட்டாலும் எங்களுக்கு இங்கே கிடைக்காது.

கொஞ்சம் சீக்கிரம் வாருங்கள். இந்த ஊரில் எப்பேர்ப்பட்டவன் வந்தாலும் காபி கொடுக்காமல் அனுப்புவதில்லை. ஹென்னிங்குக்கும் நாற்காலி போட்டுத் தட்டு வைத்துவிட்டார்கள். அவன் வீப்கே சுட்ட கேக்கில் ஒரு துண்டை வாயில் போட்டான். மெல்லுகிறான். மென்றுகொண்டே இருக்கிறான். விழுங்கவும் முடியவில்லை, இத்தனை பேர் முன்னால் துப்பவும் முடியவில்லை. வீப்கே அதைக் கவனித்துவிட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, "இன்னொரு துண்டு?" என்று கேட்கிறாள். அவன் கண்ணில் நீர் வர, தலையை ஆட்டி வாங்கிக்கொள்கிறான். அவள் சிரித்துவிடுவாள் போலிருக்கிறது. சிரித்துவிட்டாளானால், இந்தக் கதையின் முடிவு என் கையிலும் இருக்காது, உங்கள் கையிலும் இருக்காது.